கடைசி மாவட்டத்துக்கு ஒரு புது வாத்தியார்

கணியம்பாடிக்குப் புது வாத்தியார் வருகிறார் என்றதும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் வேலூர் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்குவான் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வருகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் இறங்குவார். தலை நரைத்திருக்கும். பையில் சர்க்கரை மாத்திரை இருக்கும். வீட்டில் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அவர் புதுசுதான். உத்தரவு அப்படித்தான் சொல்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றப் பிரிவுகளுக்கு 58 என்று 2023இல் அரசு உயர்த்திக் கொடுத்தது. ஓய்வு பெறும் வயது 60. கணக்குத் தெரிந்த தலைமையாசிரியர் வரவேற்புக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கவே மாட்டார். பிரிவு உபசாரத்துக்கும் அதுவே ஆகும்.

இதைக் கருணை என்று நினைத்துவிடக் கூடாது. இலை போட்டு உட்காரவைத்துவிட்டுச் சோறு போட மறந்தவன், விடியற்காலையில் வந்து, "பரவாயில்லை, எவ்வளவு நேரமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லும் தாராளம் இது.

2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். தெருவுக்குத் தெரு ஆசிரியர் பயிற்சி நிறுவனம் நடத்த அனுமதி கொடுத்தது அரசு. அங்கே படித்தவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டயம் கொடுத்ததும் அரசு. "உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்று ஆச்சரியப்பட்டதும் அதே அரசு. அனுமதி கொடுத்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடத் தேர்வில் தேறியவர்கள் வெயிட்டேஜ் என்ற புதுக் கணக்கில் சிக்கினார்கள். பிளஸ் டூவில் எப்போதோ வாங்கிய மதிப்பெண் எல்லாம் எழுந்து வந்து கழுத்தைப் பிடித்தது. அதையும் தாண்டிக் காத்திருந்தவர்களுக்கு 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது: தகுதித் தேர்வில் தேறியது தகுதிக்கு மட்டும்தான், வேலை வேண்டுமானால் இன்னொரு தேர்வு எழுது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அந்த ஆணையை வாய் வலிக்கத் திட்டியவர்கள், நாற்காலிக்கு வந்த பிறகு 2024 ஜூலை 21 அன்று அதே ஆணையின்படி 2,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். ஒரு பத்து வருடத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியர் நியமனமே நடக்காத மாநிலத்தில், அந்தப் பத்து வருடமும் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அரசாணையைக் காட்டி, "கொஞ்சம் பொறு, பிறகு வளரலாம்" என்று சொல்லவில்லை.

இத்தனை வடிகட்டலிலும் தேறி வந்தவர் என்பதால் புது வாத்தியாருக்கு லேசாக ஒரு மிடுக்கு இருக்கலாம். சம்பளப் பட்டியலைப் பார்த்ததும் அது இறங்கிவிடும். 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே கரும்பலகை, அதே அ, ஆ, இ, ஈ. ஒரு ராத்திரிக்குள் தமிழ் எழுத்தின் விலை 3,170 ரூபாய் இறங்கியது. சந்தையில் தக்காளிக்குக்கூட இப்படி நடப்பதில்லை. பிறகு வந்த ஊதியக் குழு அந்தப் பள்ளத்தை மூடவில்லை, பள்ளத்தோடு சேர்த்துப் பெருக்கிக் கொடுத்தது. இதைச் சரிசெய்வோம் என்பது நாற்காலிக்கு வந்தவர்களின் 2021 தேர்தல் அறிக்கையில் 311ஆவது வாக்குறுதி. அதை ஞாபகப்படுத்தச் சென்னையில் பள்ளிக்கல்வித் துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தவர்களை 2023 அக்டோபர் 5 விடியற்காலையில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அந்த வளாகத்துக்கு அதற்குள் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பேராசிரியரும் ஒரு வாத்தியார்தான். நல்லவேளை, உள்ளே உட்கார அவருக்கு அனுமதி தேவைப்படவில்லை.

அள்ளப்பட்டவர்களையாவது அரசு ஆசிரியர் என்று ஒப்புக்கொள்கிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லிக்கொடுக்க 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்களே, அவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் 5,000. ஆண்டுக்கணக்காக மே மாதத்துக்குச் சம்பளம் இல்லாமல் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு, ஆகவே வயிற்றுக்கும் லீவு. அமைச்சர்களின் சம்பளத்தைச் சட்டமன்றம் கூடாத மாதங்களில் நிறுத்திப் பார்க்கலாமே என்று எனக்கு அவ்வப்போது ஒரு நல்ல யோசனை தோன்றும்.

போகட்டும். வாத்தியார் கணியம்பாடிக்கு வந்துவிட்டார். வேலூரிலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போகிற சாலையில் கிடக்கும் ஊர். வடக்கே வேலூரின் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும்; தெற்கே, மேற்கே ஜவ்வாது மலை எழுந்து நிற்கும். நடுவே நாகநதி, வருடத்தில் பாதி நாள் மணலாக. இங்கிருந்து அமிர்தி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காதலர்களும் குடும்பங்களும் அருவி பார்க்கவும் மான் பார்க்கவும் போவார்கள். அமிர்தி தாண்டினால் காடு. காட்டுக்குள் ஏறினால் நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர் என்று மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். சாமை, புளி, கடுக்காய், பலா, தேன்.

அங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. யாருடைய பள்ளிக்கூடம் என்று கேட்டால்தான் தலை சுற்றும். கொஞ்சம் பள்ளிக்கல்வித் துறையுடையது. கொஞ்சம் பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளி. இன்னும் கொஞ்சம், நம்ப மாட்டீர்கள், வனத்துறையுடையது. மரம் வளர்ப்பதும் யானையை விரட்டுவதும் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரே இலாகா. எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அறிவித்தபோது கைதட்டல் கேட்டது. மலை ஏறுகிற வழியில் அறிவிப்புக்கு மூச்சு வாங்கிவிட்டது. மூன்று துறைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை விழுந்தால், எந்தத் துறையின் எல்லையில் விழுந்தது என்று அளக்க நாலாவதாக நில அளவைத் துறை வரும்.

மலைப்பள்ளிக்கு வாத்தியார் வருவதற்கு அரசு கண்டுபிடித்திருக்கும் வழி இருக்கிறதே, அது இன்னும் சிறப்பு. கோபம் வந்த அதிகாரி எவரும் உச்சரிக்கும் மந்திரம் உங்களுக்குத் தெரியும்: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன். லஞ்சம் வாங்கி மாட்டினால் மலை. மேலதிகாரியை முறைத்தால் மலை. குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தால் மலை. சமவெளிப் பிள்ளைக்கு லாயக்கில்லாதவர் என்று ஒருவரை முடிவு செய்த மறுநிமிடமே, மலைப் பிள்ளைக்கு அவர் போதும் என்றும் முடிவாகிவிடுகிறது. தண்டனை வாத்தியாருக்கா, அந்தக் காட்டில் பிறந்த பிள்ளைக்கா? அது என்ன தப்புச் செய்தது? அதற்கும் ஒரு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டிருக்கலாமே!

அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் அந்த ஊரிலேயே தங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாகி, மாற்றல் வந்தும் போகாமல் இருந்திருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். வேறு சிலர் வேலூரில் வீடு எடுத்து, மலைக்கு அரைநாள் வந்து, மீதி அரைநாளைப் பாதையில் கழித்து, தங்களுக்குப் பதிலாக உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சில ஆயிரத்துக்கு வகுப்பில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆசிரியர் சங்கத்தின் மேடையில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கும் அதே தொண்டை, தனக்காக நிற்கும் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் அடைத்துக்கொள்ளும்.

நம் புது வாத்தியார் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்காக ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிட்டார். பள்ளி ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். ஆகவே ஒருவருக்கு இரண்டரை வகுப்பு. மூன்றாம் வகுப்பை எந்த இடத்தில் பாதியாக வெட்டுவது என்று சட்டத்தில் சொல்லவில்லை. இதில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் புதியவருக்கு ஐந்தும். தலைமையாசிரியர் கூட்டத்தில் இல்லாத நாள் என்று ஒன்று வரும்போது அதை ஊர்ப் பண்டிகையாக அறிவிக்கலாம்.

அவர் வகுப்பில் நுழைந்ததும் முதலில் செய்ய வேண்டியது பிள்ளைகளைப் பார்ப்பதல்ல, செல்போனைப் பார்ப்பது. பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் செயலியைத் திறக்க வேண்டும். பிள்ளைகள் வருகை, தன் வருகை, காலை உணவு சாப்பிட்டவர் எண்ணிக்கை, மதிய உணவு எண்ணிக்கை, சீருடை வந்ததா, செருப்பு வந்ததா, வந்த செருப்பு அளவு சரியா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. (வரவில்லை. ஆனால் 'இல்லை' என்று தட்டினால் அது ஏன் இல்லை என்று நாலு பேர் போன் செய்வார்கள். ஆகவே எமிஸில் தண்ணீர் எப்போதும் வந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் நாகநதி கரை புரளும்.) மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்க வாத்தியார் பள்ளி வாசலை விட்டு வெளியேறி, சாலை ஓரப் புளியமரத்தடிக்குப் போய், போனை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள். சர்வர் சுற்றும். உள்ளே இரண்டரை வகுப்பும் சுற்றும்.

2023 அக்டோபரில் டிட்டோஜாக் என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு போராட்டம் அறிவித்தபோது, எமிஸ் வேலையிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்கிறோம் என்று அமைச்சர் உறுதி கொடுத்தார். உறுதி கொடுக்கப்பட்டதும் எங்காவது பதிவேற்றப்பட்டிருக்கும்.

பதிவு செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கர்ப்பத்தையும் எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. உலகம் முழுக்க மருத்துவ ஆய்வேடுகளில் கணியம்பாடி என்ற பெயர் தெரிவது அதனால்தான். ஆனால் அங்கே நோட்டில் எழுதினால் அந்த ஊருக்கு ஒரு நர்ஸ் வருவார், தேவைப்பட்டால் டாக்டர் வருவார். எழுத்துக்குப் பின்னால் ஆள் வருகிறது. பள்ளிக்கூடத்திலோ எழுத்துக்குப் பின்னால் இன்னொரு படிவம் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று வாத்தியார் ஏற்றினார் என்றால், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை அனுப்ப மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆளை அனுப்புவார்கள்.

வாசிப்பு என்றதும் எண்ணும் எழுத்தும் ஞாபகம் வருகிறது. 2022 ஜூனில் தொடங்கிய திட்டம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் 2025க்குள் வந்துவிட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. திட்டம் நல்ல திட்டம். பாட்டும் ஆட்டமும் அட்டைகளும் உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். பெயர் வைத்தவர் கவிஞராக இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள்தான் கவிஞர்கள் இல்லை. போன மாதம் அரும்பாக இருந்தது இந்த மாதம் ஏன் மொட்டாகவில்லை என்று கேட்பார்கள். சார், அந்த அரும்பு போன மாதம் முழுக்க அப்பா அம்மாவோடு கர்நாடகக் காப்பித் தோட்டத்தில் இருந்தது என்று சொன்னால், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, பூர்த்தி செய்தீர்களா என்பார்கள். வேறு வழியில்லாமல் வாத்தியார் ஒரு ராத்திரியில் எல்லா அரும்பையும் மலராக்குவார். அரசுப் பதிவேட்டில் ஜவ்வாது மலையடிவாரம் முழுக்கப் பூத்துக் குலுங்குகிறது. போய்ப் பார்த்தால் முள்.

இனி நம் மாவட்டத்தின் பெருமைக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் வேலூர் 2019இல் மாநிலத்திலேயே கடைசி, 89.98 சதவீதம். அந்த வருடக் கடைசியில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டைக்குத் தொழிற்சாலைகள் போயின, திருப்பத்தூருக்கு ஏலகிரி போயிற்று. கடைசி இடத்தை மட்டும் வேலூர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டது போலிருக்கிறது: 2024இல் மறுபடி கடைசி, 82.07. 2025இல் மறுபடி கடைசி, 85.44.

பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கும் கணியம்பாடி ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிப் புது வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பழி எப்படிப் பள்ளம் நோக்கிப் பாயும் என்பது தெரியாதவர்கள்தான் கேட்பார்கள். சென்னையில் கேட்டால் மாவட்டம் சரியில்லை. மாவட்டத்தில் கேட்டால் பள்ளிகள் சரியில்லை. உயர்நிலைப் பள்ளி சொல்லும், எட்டாம் வகுப்பிலிருந்து வருகிறவனுக்குப் பேர் எழுதத் தெரியவில்லை. நடுநிலைப் பள்ளி சொல்லும், ஐந்தாம் வகுப்பில் என்ன கிழித்தார்கள். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் திரும்பி ஒன்றாம் வகுப்பைப் பார்ப்பார். ஒன்றாம் வகுப்பு அங்கன்வாடியைப் பார்க்கும். அங்கன்வாடிப் பணியாளர் பெற்றோரைப் பார்ப்பார். பெற்றோர் காப்பித் தோட்டத்தில் இருப்பதால் பதில் வராது. விசாரணை அங்கே இனிதே முடியும். இந்த வரிசையில் ஒரு தடவையாவது பழி மேல்நோக்கி ஏறியிருக்கிறதா? பத்து வருடம் ஆள் எடுக்காமல் விட்டவர் எந்தக் கூட்டத்திலாவது எழுந்து நின்று விளக்கம் சொல்லியிருக்கிறாரா?

நூறு சதவீதம் வேண்டும் என்று மேலிருந்து கேட்டால், அதை எப்படித் தயாரிப்பது என்று கீழே உள்ளவர்களுக்குத் தெரியும். மார்ச் வந்தால் மினிமம் மெட்டீரியல் என்று ஒரு கட்டுத் தாள் வகுப்புக்குள் நடமாடும். நாலு பாடம், பத்துக் கேள்வி, பாஸ் மார்க். ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை உருப்போட்டு, அப்பாவுக்கு எழுதச் சொன்னாலும் ஆசிரியருக்கு எழுதச் சொன்னாலும் அதையே எழுதிவிட்டு வரும் பிள்ளையை நாம் தேர்ச்சி பெற்றவர் என்கிறோம். அதுவும் வராத பிள்ளைக்கு மெல்லக் கற்பவர் என்று பெயர். பெயர் மென்மையானது, கவனிப்பு அப்படியில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பெற்றோரைக் கூப்பிட்டு, "ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்களேன்மா, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அக்கறையாகச் சொல்வார்கள். இந்தக் கலையில் அரசுப் பள்ளிகள் வெறும் சீடர்கள்; குரு தனியார் பள்ளிகள். கண்டிப்பான பள்ளி என்று பேர் வாங்கிய ஏதாவது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆசிரியை யாரையாவது விசாரித்துப் பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அலுவலகப் பீரோவில் பூட்டிவைத்திருப்பார்கள். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடித்து வரச் சொல்வார்கள். அங்கே நூறு சதவீதம் வருவது எப்படி என்றால், நூறுக்குத் தேறாதவனைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளாததால். அந்த மிச்சத்தையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி. பிறகு இரண்டு பள்ளியின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளிதழில் போட்டுச் சிரிப்பார்கள்.

வகுப்பிலிருந்து காணாமல் போன பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? எமிஸில் இடைநின்றவர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. காரணம் என்ன என்று கேட்கும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் ஜவ்வாது மலையின் கூலிகளும் இருந்தார்கள். அவர்களில் யாரும் பிறக்கும்போதே கோடரியோடு பிறந்தவர்கள் இல்லை. எல்லோரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மலைப்பள்ளியில் ஏதோ ஒரு வகுப்பு வரைக்கும் உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தண்டனை மாற்றலில் வந்த வாத்தியார் அரைநாளில் கிளம்பிப்போன அதே வகுப்பில். அதற்குக் காரணப் பட்டியலில் எந்தக் கட்டத்தை 'டிக்' அடிப்பது? 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, பெற்ற தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள். அந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை தினமும் பள்ளிக்கு வரவில்லை என்றால், வருகைப் பதிவு குறைந்தது ஏன் என்று நாம் வாத்தியாரைக் கேட்போம். ரோடு போடாதவரைக் கேட்க மாட்டோம். அவருக்கு எமிஸ் கிடையாது.

இதற்கு நடுவில் எல்லா அரசியல் மேடைகளுக்கும் ஒரு படம் கிடைத்தது. ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024இல் சிவில் நீதிபதியானார். அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்தை யார்தான் வணங்க மாட்டார்கள்? ஆனால் வாழ்த்து அறிக்கைகளைப் படித்தால் பிரசவ வலியையே அரசுதான் தாங்கியது போலிருக்கும். முதல் பழங்குடிப் பெண் நீதிபதி என்று பெருமைப்பட்டார்கள். நாடு விடுதலையாகி எழுபத்தாறு வருடம் கழித்து முதல் ஆள் என்பது யாருக்குப் பெருமை, யாருக்கு அவமானம் என்று ஒரு அறிக்கையிலும் இல்லை.

டெல்லியை விட்டுவிட்டால் பாரபட்சம் ஆகிவிடும். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு பிடித்து வைத்தது. அமிர்திக் காட்டோரப் பிள்ளை எந்த மொழிக் கொள்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டது என்று தெரியவில்லை. பணத்தை நிறுத்தியவர்களும், நின்றுபோன பணத்தைக் காட்டியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித் தப்பித்தவர்களும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள். கூட்டாட்சி என்பது வேறென்ன?

புது வாத்தியாரின் பக்கத்து அறையில் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருப்பார். கூட்டெழுத்தைக் கூழாங்கல்லில் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர். மலைப் பிள்ளைகளின் பேச்சு புரிந்தவர். எந்தப் பிள்ளை வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். புதியவர் உண்மையில் வேலை பழக வேண்டியது அவரிடம்தான். முடியாது. அவர் கைடு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பணியில் இருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு விலக்கில்லை என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது போதாதென்று சாயந்திரம் வாக்காளர் பட்டியல் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆசிரியரைக் கற்பித்தல் தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. பிறகு மூச்சு விடுவதற்குள் மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல் நீங்கலாக என்கிறது. தமிழ்நாட்டில் இந்த மூன்றும் இல்லாத மாதம் எது?

ஆக, புது வாத்தியார் நிலைபெற இரண்டு வழி உண்டு. சூட்டிகையானவர் ஆறு மாதத்தில் நெளிவு சுளிவு கற்றுக்கொள்வார்: எந்தப் படிவத்தில் என்ன போட்டால் போன் வராது, ஆய்வு வரும் நாளில் எந்தப் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைப்பது, மாற்றல் கலந்தாய்வில் யாரைப் பிடிப்பது. அவருக்கு ஒரு குறையும் வராது. ஒரு செப்டம்பர் 5 அன்று மேடையில் சால்வைகூட விழலாம். மற்றவர், பாவம், பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டரை வகுப்போடும் தரையில் உட்கார்ந்துவிடுவார். எமிஸில் அவருடைய பள்ளி சிவப்பாகக் கிடக்கும். மூன்றாம் வாரம் மெமோ வரும்.

சார், நீங்கள் இரண்டாவது வகை என்றால் மெமோவுக்குப் பதில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் மாவட்டத்தில் காலிப் பணியிடம் எத்தனை என்று கேளுங்கள். அடுத்ததில், இந்தப் பள்ளிக்கு ஏன் இரண்டே ஆசிரியர் என்று கேளுங்கள். மலைப்பாதை எப்போது வரும், பெற்றோருக்கு உள்ளூரில் வேலை எப்போது வரும், கழிப்பறையில் தண்ணீர் எப்போது வரும், 311 எப்போது வரும் என்று வரிசையாகக் கேளுங்கள். கேட்கிறவரைக் கேட்கக் கூடாது என்று நடத்தை விதிகளில் இருக்கும்; இருந்தாலும் கேளுங்கள். தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று பதில் வரும். அந்தப் பதில் ஏற்கெனவே டைப் அடித்து வைக்கப்பட்டிருக்கிறது, உங்கள் பெயரும் பள்ளியின் பெயரும் மட்டும்தான் அதில் நிரப்ப வேண்டும். தேதி போட மறந்துவிடாதீர்கள். தேதி இல்லாத விளக்கத்துக்குத் தனி மெமோ உண்டு.